மே வரை ஓடாத லாரிகள்

ஹால்வர், மினசோட்டா
11 பிப்ரவரி 1974

அன்புத் தம்பி ஆர்னேவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? இங்கே பனி ஜன்னல்வரை கிடக்கிறது.

எங்கள் கிளைப்பாதையை மூட ரயில் கம்பெனி மனு போட்டிருக்கிறது. மார்ச் 28இல் இங்கேயே விசாரணை. பாதை போனால் ஸ்டேஷனும் போகும். இருபத்தாறு வருஷமாக அங்கே நான் பார்த்துவரும் வேலையும் போகும். கோதுமை இனி துலுத் துறைமுகத்துக்கு லாரியில் போகட்டும் என்கிறார்கள். அவர்களுடைய சாட்சிப் பட்டியலில் உன் பெயர் இருக்கிறது. வேறு யாரோ ஆர்னே என்று நினைத்துக்கொள்ளவா?

அக்கா,
ஸோல்வெய்க்

17 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

நான்தான். பாதை மூடினால் அந்தச் சரக்கு முழுவதும் எனக்குத்தான் என்று கம்பெனி வக்கீல் வீட்டுக்கே வந்து சொன்னார். என் மூன்று லாரியும் பாதி நாள் சும்மா நிற்பது உனக்குத் தெரியும். பொய் சொல்லமாட்டேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வேன். கோபத்தில் இந்த வருஷம் ருபார்ப் தண்டு போட்ட கேக் சுடாமல் இருந்துவிடாதே.

ஆர்னே

28 மார்ச்

அக்கா,

நீ பதில் போடவில்லை. விசாரணைக்கும் வரவில்லை, சரக்கு வண்டியை அனுப்ப ஸ்டேஷனில் நின்றிருப்பாய். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"உங்க லாரிங்க ஹால்வர் கோதுமை பூராவும் தூக்குமா?" என்றார் வக்கீல்.

"தூக்கும் சார்."

அதோடு அவர் உட்கார்ந்திருக்கலாம். பட்டணத்துக்காரர், எங்கள் ரோடு தெரியாது. "எப்ப வேணும்னாலும்?" என்றார்.

"இன்னிக்கு முடியாது சார். பனி இளகுது, ரோடு சேறா கிடக்கு. இவ்வளவு எடைக்கு மேல வரக் கூடாதுன்னு எடைப் பலகை வெச்சுட்டாங்க. மே வரைக்கும் லோடு ஏத்தின லாரி ஓடக் கூடாது. என்னுது மூணும் கொட்டகையில நிக்குது."

விசாரணை அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இன்னிக்கு கோதுமை எப்படிப் போகுது?"

"பத்து மணிக்கு ரயில் சத்தம் தாங்காம வக்கீல் சார் பேச்சை நிறுத்தினாரே, அதுலதான் போச்சு. இருபத்திரண்டு பெட்டி. எங்க அக்கா அனுப்பினது."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வக்கீல் என்னிடம் விடைபெறவில்லை.

ஆர்னே

20 மே

என் ஆர்னேவுக்கு,

மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். பதில் எழுதாதது என் பிழை. உன்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டேன்.

கோதுமைக் கிடங்குக்காரர் உன்னைக் கேட்டார். பண்ணைகளிலிருந்து ஸ்டேஷனுக்கு மூன்று லாரி வேண்டுமாம். அங்கிருந்து துறைமுகம்வரை என் பாடு.

கேக் ஆறிக்கொண்டிருக்கிறது. லாரியிலேயே வா. எடைப் பலகையை நேற்று எடுத்துவிட்டார்கள்.

ஸோல்வெய்க்