மாப் கேட்டு வந்த மஞ்சள் முதலாளி

ராத்தா,

இன்று காலை காய்ந்த மஞ்சள் கிழங்கை மில்லில் கொட்டி அரைக்கத் தொடங்கியதும் அந்த வாசனை எழும்பியது. என் கூடப்பிறந்த உன் நினைப்பு வந்தது. உன் நினைப்பு வந்தால் அந்த மதுரங்குளி முதலாளியின் நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது, நாசமாய்ப் போக.

நம் ஊர் எத்தாளையில் உன் தூளுக்கு இருந்த மதிப்பை நீ அறிவாய். பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்ட உன் மஞ்சள்தான். கடலுக்குப் போனவன் காலில் கெளுத்தி முள் குத்தினாலும் உன் வாசலுக்குத்தான் நொண்டிக்கொண்டு வருவான். தேங்காய் எண்ணெயில் மஞ்சளைச் சூடாக்கிப் பத்துப் போடுவாய். கூடவே ஏச்சும் விழும். "கண்ணத் திறந்துகொண்டு வலையில மீனக் கழட்டினா என்னவாம்?"

பிறகு கடைகளில் மஞ்சளே கிடைக்காத காலம் வந்தது. மதுரங்குளி முதலாளி உன் தூளை மொத்தமாக வாங்கினார். நம் வாப்பாவோடு ஒரே சஹன் தட்டில் சோறு தின்ற மனிதர் என்று நம்பிக் கொடுத்தாய். அவர் அதில் அரிசி மாவையும் சாயத்தையும் கலந்து, உன் பெயர் எழுதிய பக்கெட் பைகளிலேயே போட்டு விற்றார். அதைப் போட்டுக் காய்ச்சிய மீன் ஆணம் கஞ்சி மாதிரிக் கட்டிப்பட்டதும், பெண்கள் பக்கெட்டுகளைக் கொண்டுவந்து உன் வாசலில் வீசினார்கள். அவரிடம் போய்க் கேட்டேன். "அவ அரைச்சுத் தந்தா, நான் வித்தன். எனக்கென்ன தெரியும்?" என்றார். எப்படித்தான் நாக்கு எழும்பியதோ!

நீ சண்டைக்குப் போகவில்லை. அதுதான் நீ செய்த பிழை. "அல்லாஹ் பார்த்துக்கொள்ளுவான், நீ வாய மூடு" என்று என்னையும் அடக்கினாய். மில்லை மூடிவிட்டுப் படுத்தவள் எழும்பவே இல்லை. மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முதல் நாள்கூட, "என்ட தூள்ல கலப்பு இல்லண்டு ஆராவது சொன்னாங்களா?" என்று கேட்டாய். ஓம் என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை உண்மையாக்கத்தான் மில்லைத் திரும்பத் திறந்தேன்.

இன்று அவரே வந்தார், ராத்தா. ஹஜ்ஜுக்குப் போகிறாராம். பாதிக்கப்பட்டவர் மன்னிக்காவிட்டால் அல்லாஹ்வும் மன்னிக்கமாட்டான் என்று, போகிறவர்கள் வீடு வீடாக ஏறி மன்னிப்புக் கேட்பார்களே, அந்த வழக்கத்துக்கு வந்திருக்கிறார். வாசலில் நின்று மெல்ல, "தங்கச்சி, ஏதும் பிழை செஞ்சிருந்தா மாப் செய்ங்க" என்றார்.

ஏதுமாம்! நான் மில்லை நிறுத்தினேன். அரைக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் உள்ளே இருந்தார்கள்.

"என்ன பிழை, முதலாளி நானா? அதச் சொல்லிக் கேளுங்க."

உள்ளே இருந்த பெண்களைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மாவு கலந்தது நான்தான். ஒங்கட ராத்தாட தூள்ல ஒரு பிழையும் இல்ல."

"சத்தமாச் சொல்லுங்க. மில்லுச் சத்தத்தில எனக்குக் காது அடைச்சுப் போய்க் கிடக்கு."

திரும்பவும் சொன்னார். அன்றைக்குப் பக்கெட் வீசியவள் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு எவ்வளவு ருசியாக இருந்தது தெரியுமா?

"இப்ப மாப் செய்ங்க, தங்கச்சி" என்றார்.

நீ என்றால் உடனே கொடுத்திருப்பாய். கதிரையில் இருத்தித் தேத்தண்ணியும் ஊற்றியிருப்பாய். நான் வாசலைக் காட்டினேன். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார். ஹஜ்ஜில் போய் நின்று எவ்வளவு அழுதாலும், அவருக்கு வேண்டிய மாப் என்ற அந்த ஒரு சொல் என் வாய்க்குள்தான் இருக்கிறது, ராத்தா.