பக்கத்தில் படுத்திருந்தவள்

ஜூலை 3

அன்புள்ள ஆந்தைக்கு,

அப்பா எல்லாம் சொன்னார். வகுப்பில் மேசைமேல் தலை வைத்துத் தூங்கினாயாம், எழுப்பிய டீச்சரிடம் கத்தினாயாம். நான் திட்டுவதற்காக எழுதவில்லை. அலுவலகத்தில் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து இதைப் பற்றிப் படித்தேன். பதினைந்து வயதில் தூக்கம் தாமதமாகத்தான் வருமாம், அது சோம்பல் இல்லையாம். அப்பாவிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் விடிய விடிய விழித்திருப்பது வேறு.

ஒரு மாதம் போனை அப்பாவிடம் கொடுத்துவிடு. அதனால்தான் கடிதம். மாலைக்கு மேல் டீ வேண்டாம். படுத்துத் தூக்கம் வராவிட்டால் புரளாதே, எழுந்து மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான எதையாவது படி. கூட ஒரு தாள் வைத்திருக்கிறேன். எப்போது படுத்தாய், எத்தனை முறை எழுந்தாய், ஏன் எழுந்தாய் என்று தினமும் நிரப்பி அனுப்பு.

வீட்டில் ஒருத்தி படித்து என்ன பயன் என்று ஆகிவிடக் கூடாது பார்.

அன்புடன்,
அக்கா


ஜூலை 12

அக்காவுக்கு,

ஆந்தை என்று கூப்பிடாதே. ஆந்தையைப் பகலிலாவது தூங்க விடுகிறார்கள்.

போனைக் கொடுத்துவிட்டேன். டீயை விட்டுவிட்டேன். சலிப்பாகப் படிக்க வேதியியல் புத்தகம் இருக்கிறது, இரண்டு பாடம் மனப்பாடமே ஆகிவிட்டது. தூக்கம்தான் வரவில்லை.

தாளை நிரப்பியிருக்கிறேன். ஆறு முறை, ஒன்பது முறை, ஏழு முறை. 'ஏன்' என்ற இடத்தில் எல்லா நாளும் ஒன்றேதான்: அப்பாவைப் பார்க்க.

குறட்டையால் தூங்க முடியவில்லை என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு அப்பாவின் குறட்டை நின்றால்தான் பயம். போய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். செவ்வாய்க்கிழமை விழித்துக்கொண்டார். "ஏன்டி, உசுரோட இருக்கேனான்னு பாக்குறியா? இன்னும் ரெண்டு டயர் தேயுற வரைக்கும் ஓடும் இந்த வண்டி" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு அவர் பஸ் டெப்போவுக்குக் கிளம்பிய பிறகு ஒரு மணி நேரம் தூங்குகிறேன். வண்டி ஓட்டுகிறவர் விழித்துத்தானே இருப்பார்.

நீ சாப்பிடாமல் இருக்காதே.

தங்கை


ஜூலை 17

என் செல்லத்துக்கு,

தாளைப் பார்த்து அழுதுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி ஜலதோஷமா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

அப்பாவிடம் பேசினேன். டெப்போவில் போன மாதம்தான் டிரைவர்களுக்கெல்லாம் பரிசோதனை நடந்திருக்கிறது. இதயம், ரத்த அழுத்தம் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். அம்மாவுக்கு நடந்தது அப்பாவுக்கும் நடக்க வேண்டும் என்று இல்லை.

இனிமேல் நீ காவல் இருக்க வேண்டாம்டா. சின்னப் பெண் நீ. யார் உன்னிடம் அந்த வேலையைக் கொடுத்தது?

அன்புடன்,
அக்கா


ஜூலை 22

அக்கா,

நீதான் கொடுத்தாய்.

அம்மா போன அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில், தோளில் பையோடு நேராகப் பஸ்ஸிலிருந்து வந்து நின்று கேட்டாயே. "பக்கத்துலதானடி படுத்திருந்த? ஒண்ணுமே தெரியலையா? அப்படி என்ன தூக்கம் உனக்கு?" சித்தி இருந்தாள், அடுத்த வீட்டு அக்கா இருந்தாள். வெளியூர் வண்டியை ஒப்படைத்துவிட்டு ஓடி வந்த அப்பா, காக்கிச் சட்டையோடு என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

நான் அன்று நன்றாகத் தூங்கினேன் அக்கா. அம்மா கை என்மேல் இருந்தது. காலையில்தான் கை கனமாக இருந்தது.

தாள் தீர்ந்துவிட்டது. வேறு அனுப்ப வேண்டாம்.


ஜூலை 27

அன்புத் தங்கைக்கு,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். கேட்டது எனக்கு ஞாபகமே இல்லை என்று எழுதினேன், அது பொய்.

அன்று மதியம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தூக்கத்துல இதயம் நிக்கிறதுக்கு சத்தம் இருக்காதும்மா. பக்கத்துல நானே முழிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாலும் தெரிஞ்சிருக்காது" என்றார். அதை உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் கேள்வி என்மேல் திரும்பும்.

முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு அம்மா எனக்குப் போன் செய்தாள். வேலையில் சேர்ந்து இரண்டாவது வாரம், அலுவலகத்து ஆட்களோடு பெரிய ஓட்டலில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கத்திப் பேசுவாள், எல்லாருக்கும் கேட்கும் என்று கூச்சப்பட்டுக் கட் பண்ணினேன். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று இனி யாருக்கும் தெரியாது. விழித்திருந்தவள் நான். தூங்கிய உன்னைக் கேட்டேன்.

என்னை மன்னித்துவிடு. அடுத்த வாரம் சனிக்கிழமை வருகிறேன். தூக்கத்துக்கு டாக்டரிடம் போவோம், நான் கூடவே உட்காருகிறேன்.

உன் அக்கா


ஜூலை 31

அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். டாக்டர் சொன்னதை மட்டும் பத்து முறை படித்தேன். எட்டு மாதம் அக்கா.

அம்மா போனை ஏன் எடுக்கவில்லை என்று நான் உன்னைக் கேட்கமாட்டேன். யாராவது அப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் கேள்வியை எல்லார் முன்னாலும் கேட்டாய். பதிலை மட்டும் உறையில் போட்டு ஒட்டி அனுப்பியிருக்கிறாய். சனிக்கிழமை அப்பாவுக்கு விடுமுறை. சித்தியையும் அடுத்த வீட்டு அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன். டாக்டர் சொன்னதை அவர்கள் முன்னால் சொல். போன் விஷயத்தைச் சொல்ல வேண்டாம், அது உன்னோடு இருக்கட்டும்.

உனக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். சத்தமாகச் சொல்லு. அப்பாவுக்குக் கேட்க வேண்டும்.

டாக்டரிடம் அதற்கப்புறம் போகலாம்.

தங்கை