ரொட்டி வேனில் போய்த் தங்கிய இடங்கள்

வட்டவளை,
8-3-1964

என் அன்பு மகள் நாகலெட்சுமிக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே ஒரு வாரமாக மழை விட்டிருக்கிறது. நானும் அம்மாவும் இருமல் சளி இல்லாமல் இருக்கிறோம். கொழும்பு வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அம்மாக்கண்ணுவும் எப்படி இருக்கிறீர்கள் என்ற நினைப்புதான் எனக்கு எப்போதும்.

ஒரு நல்ல செய்தி. சித்திரைப் புதுவருசத்துக்கு ஹட்டன் பேக்கரியை மூடுகிறார்கள். அந்த நாட்களில் நான் ஓட்டும் ரொட்டி வேனை நானே வைத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். உள்ளே இருக்கும் ரொட்டித் தட்டுகளைக் கழற்றிவிட்டுப் பலகை அடித்துப் படுக்கை போடப் போகிறேன். நீங்கள் உள்ளே படுத்துக்கொள்ளலாம், எனக்கு முன் சீட்டு போதும். அடுப்பு, சட்டி, கம்பளி எல்லாம் ஏற்றிக்கொண்டு, பிடித்த இடத்தில் நிறுத்திச் சமைத்துச் சாப்பிட்டுத் தூங்கலாம். வேனைக் கழுவிக் கழுவிப் பார்த்துவிட்டேன், ரொட்டி வாசம் மட்டும் போகவில்லை. பிள்ளைக்கு அது பிடிக்கும்.

ரொட்டி கொண்டுபோகும் வழியெல்லாம் இப்போது எனக்கு இடம் தேடுவதுதான் வேலை. அருவி தெரிகிறதா, குளிர் எப்படி, தண்ணீர் பக்கத்தில் இருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பதற்கு முன்னால் தரையைப் பார்க்கிறேன். அம்மாக்கண்ணு தினமும் சமதரையில் நடந்தால்தான் காலுக்குப் பலம் வரும் என்று டாக்டர் சொன்னதாக நீ எழுதியிருந்தாயே. இந்த மலையில் சமதரை கிடைப்பது லேசான காரியமாக இல்லை. வலப்பனைப் பக்கம் வயலும் காற்றும் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது, ஆனால் வேன் நிறுத்தும் இடமெல்லாம் பள்ளத்தின் விளிம்பு. நுவரெலியா வாவிக் கரையில் தரை நன்றாக இருக்கிறது. சித்திரையில் அங்கே கார் ரேசுக்கு ஊரே கூடும். உனக்கு அது ஆகாது. நம் வட்டவளையில் அட்டை கடிக்கும்.

கடைசியில் இரண்டு இடம் பிடித்திருக்கிறேன். ஒன்று, தலவாக்கலைக்கு இந்தப் பக்கம் ஒரு தோட்டத்துப் பந்து விளையாடும் மைதானம். அங்கிருந்து அருவி தெரியும், குழாய்த் தண்ணீர் உண்டு. கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வைத்துவிட்டேன். புதுவருசத்துக்கு அங்கே ஆட்கள் அதிகம் இருக்கமாட்டார்களாம். இன்னொன்று அம்பேவலைப் புல்வெளி. மாடு மேய்கிற இடம். அம்மாக்கண்ணு விழுந்தாலும் மெத்தை மாதிரி இருக்கும்.

அம்மாவும் வருவாள். வேண்டாம் என்று எழுதிவிடாதே. தீபாவளிக்கு நீ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நம் தோட்டத்து லயத்து வீட்டுப் படி ஏறி வந்து, இறக்கி நடக்க விட்டபோது, அத்தனை பேர் முன்னால் அவள் தலையில் அடித்துக்கொண்டு, “இப்படி நடக்கறதுக்கா இந்தப் புள்ள பொறந்துச்சு” என்று அழுததை நீயும் கேட்டாய், நானும் கேட்டேன். நீ அடுத்த ரயிலிலேயே போய்விட்டாய். அவளுக்காகப் பேசுவதற்கு நான் இதை எழுதவில்லை. அன்றிலிருந்து தேயிலைக் கொழுந்தெடுத்துவிட்டு வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், அதைத்தான் சொல்கிறேன்.

நீ லயத்துக்கு வரவேண்டாம் அம்மா. ஹட்டன் ஸ்டேஷனிலேயே வேனில் ஏற்றிக்கொண்டு, திரும்பி அங்கேயே ரயிலேற்றி விடுகிறேன். மாப்பிள்ளைக்கும் லீவு கேட்டுப் பார். வந்துவிடு கண்ணு.

பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு
உன் அப்பா
அழகுமுத்து

*

வட்டவளை,
20-4-1964

அன்புள்ள மாப்பிள்ளை முத்துலிங்கம் அவர்களுக்கு, மாமா அழகுமுத்து அன்புடன் எழுதுவது.

கடையில் லீவு கொடுக்காததால் நீங்கள் வர முடியாமல் போனது எங்களுக்கெல்லாம் பெரிய குறை. தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். நாகலெட்சுமியும் பிள்ளையும் எங்களோடு லயத்து வீட்டில்தான் இருக்கிறார்கள். எப்படி என்று ஆச்சரியப்படுவீர்கள், சொல்கிறேன்.

முதல் இடம் குறையில்லாமல் அமைந்தது. மைதானத்தில் அருவியைப் பார்த்தபடி சோறு சாப்பிட்டோம். அம்மாக்கண்ணு காலில் மாட்டிய இரும்புப் பட்டை போட்ட சப்பாத்தோடு கோல் கம்பத்தைப் பிடித்துச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஆனால் உங்கள் மாமியாரும் நாகலெட்சுமியும் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமா என்று அம்மா என்னிடம் கேட்பாள், வேண்டாம் என்று மகள் என்னிடம் சொல்வாள். நான் நடுவில் தபால்காரன் மாதிரி இருந்தேன்.

அம்பேவலையில் என் கணக்கு தப்பிவிட்டது. புல் மெத்தை மாதிரி இருக்கும் என்று நாகலெட்சுமிக்கு எழுதியிருந்தேன் அல்லவா, மழை கொட்டி அது சேறாகிப்போனது. சப்பாத்து புதைந்து, பிள்ளையால் காலைத் தூக்க முடியவில்லை. அவள் அழ, நாகலெட்சுமி தூக்கிக்கொண்டு வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். “இதுக்குத்தாம்பா நான் எங்கயும் வர மாட்டேங்கிறது” என்றாள். அந்த இடத்தைத் தேடிப் பிடித்தவன் நான்தானே.

அங்கே நிற்க முடியாமல் பட்டிப்பொல வரைக்கும் ஓட்டினேன். ஸ்டேஷன் ஓரமாக வேனை நிறுத்தி, என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தபோது ஸ்டேஷன் மாஸ்டர் குடையோடு வந்தார். பேரின்பநாயகம் என்று பெயர், யாழ்ப்பாணத்துக்காரர். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். “உந்த மழைக்குள்ள பிள்ளையை வச்சுக்கொண்டு எங்க போறியள்? வேன் இதிலயே நிக்கட்டும். உள்ளுக்கு வாங்கோ, சுடுதண்ணி கிடக்கு” என்றார். அன்றிரவு ஸ்டேஷனிலேயே தங்கினோம்.

விடிந்தபோது மழை இல்லை. குளிர்தான் எலும்பு வரை. கதவைத் திறந்தால், ஈரம் காய்ந்த பிளாட்பாரம் நீளமாக, ஒரே மட்டமாகக் கிடக்கிறது. அம்மாக்கண்ணு இறங்கி இரண்டு எட்டு வைத்துப் பார்த்துவிட்டு, “தாத்தா, இங்க ஏறவும் வேணாம், எறங்கவும் வேணாம்” என்று சிரித்தாள். அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. டக், டக் என்று போகிறாள், வருகிறாள்.

அந்த நேரம் பார்த்து ரயில் வந்துவிட்டது. எதிரே வரும் ரயிலுக்காக அங்கே நிறுத்தி வைத்தார்கள். புதுவருசக் கூட்டம், ஒவ்வொரு ஜன்னலிலும் தலை. நாகலெட்சுமி பதறிப்போய்ப் பிள்ளையைத் தூக்க ஓடினாள். அதற்குள் ஒரு பொம்பளை ஜன்னல் வழியாக, “ஐயோ, புள்ளைக்குக் கால்ல என்னா?” என்று கேட்டுவிட்டாள். நாகலெட்சுமி அப்படியே நின்றுவிட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பதில் சொன்னது உங்கள் மாமியார். பெஞ்சிலிருந்து எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரயில் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: “காச்சல்ல கால் போச்சும்மா. என் பேத்திதான். அந்தக் கடைசி வரைக்கும் தனியா நடந்து போகும், பாத்துக்கிட்டே இருங்க.”

பிள்ளை அம்மாயியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு நடந்தாள். நடுவில் ஒருமுறை விழுந்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் குனியப்போக, “தூக்காதீங்க” என்று அவளே சொல்லி, கையை ஊன்றி எழுந்தாள். கடைசியில் இருந்த விளக்குக் கம்பத்தைத் தொட்டுவிட்டு, ரயிலைப் பார்த்துக் கையாட்டினாள். ரயிலில் இருந்தவர்களும் கையாட்டினார்கள். ஒரு சிங்கள அம்மா ஜன்னல் வழியாகப் பலகாரம் நீட்டினார்.

உங்கள் மாமியார் பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நாகலெட்சுமி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவிழ்ந்து கிடந்த அம்மாவின் கொண்டையை எடுத்து முடிந்துவிட்டாள். திரும்பும் வழியில், “ஹட்டன்ல எறக்க வேணாம்பா, வீட்டுக்கே போவோம்” என்றாள்.

இப்போது தினமும் சாயந்திரம் பிள்ளையைக் கோயில் முற்றத்துக்கு நடத்திக் கூட்டிப்போவது அம்மாயிதான். லயத்துப் பிள்ளைகள் முதல் நாள் வெறித்துப் பார்த்தார்கள். மறுநாள் அந்த இரும்பைத் தட்டிப் பார்க்க வரிசையில் நின்றார்கள். இப்போது அவளைக் கூப்பிட வாசலில் வந்து நிற்கிறார்கள்.

மாப்பிள்ளை, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆறு வயது முடிந்தும் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கவில்லை, மற்றப் பிள்ளைகள் கேலி செய்யும் என்ற பயம் என்று நாகலெட்சுமி நேற்றுத்தான் சொன்னாள். சேர்ப்போம் என்று நீங்கள் சொன்னால் மறுக்கமாட்டாள் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கும் அதே பயம் இருக்கலாம். எனக்கும் இருக்கிறது. அவர்கள் அடுத்த வாரம் அங்கே வருகிறார்கள். எப்படியாவது ஒரு நாள் லீவு வாங்கி, இரண்டு பேரும் சேர்ந்து பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வாசலில் இறக்கிவிட்டு அவளையே நடக்க விடுங்கள். பெயர் என்ன என்று கேட்பார்கள். நீங்கள் சொல்ல வேண்டாம், அவள் சொல்லட்டும். நல்ல சத்தமாகச் சொல்வாள்.

எந்தக் குறையும் அண்டாமல் நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும்.

அன்புள்ள மாமா
அழகுமுத்து