என்ஜினை அணைக்காதே

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுத ஆசைதான், ஆனால் அது பாதிதான் உண்மை. மீதியைப் போனில் சொல்ல முடியாது, நீ பேசும்போது உன் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். உன் தம்பி மாற்றலாகிப் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான், மூன்றாவதாக என் சக்களத்தி, அதாவது உன் அப்பாவின் கார்.

அதன் அழிச்சாட்டியம் தாங்க முடியவில்லை. முன்விளக்குக்கு பல்பு மாற்ற பாட்டரியைக் கழற்ற வேண்டுமாம், எந்த மகராசன் யோசித்துச் செய்தானோ. என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினால் ஏறாது, மழையில் காருக்குள் குடை பிடித்துக்கொண்டு போகிறேன், சிக்னலில் நிற்பவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். ஒரு வார்த்தை சொல்லக் கூடாது, "நம்ம நாட்டுல செஞ்ச வண்டி, நாமதான் அனுசரிச்சுப் போகணும்" என்பார். என்னை ஒரு நாளாவது இப்படி அனுசரித்திருக்கிறாரா, நீயே சொல். எல்லாவற்றையும் விடப் பெரிய கூத்து, சூடான என்ஜினை அணைத்தால் ஒரு மணி நேரத்துக்குத் திரும்பக் கிளம்பாது. மெக்கானிக் பிரித்துப் பிரித்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டார். "பெட்ரோல் குழாயைப் புகைக்குழாய்க்குப் பக்கத்துலயே வச்சிருக்காங்கம்மா, சூட்டுல பெட்ரோல் ஆவியாப் போயிடுது, செஞ்சவங்களே அப்படிச் செஞ்சா நான் என்ன பண்றது" என்கிறார். அதனால் வெளியே போனால் அணைப்பதே இல்லை. ஒருவர் இறங்கிக் காரியத்தைப் பார்க்க, மற்றவர் ஆக்சிலேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும், காலை எடுத்தால் நின்றுவிடும். எனக்கு ஓட்டத் தெரியாது, மிதிக்க மட்டும் தெரியும். கல்யாணத்துக்குப் போனாலும் அவர் சாப்பிட்டு வந்த பிறகுதான் நான். வாடகை வண்டி பிடிக்கலாமே என்றால், வீட்டில் வண்டியை வைத்துக்கொண்டா என்று பாய்கிறார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். ஆனால் போன வாரம் அப்பாவுக்கு நெஞ்சில் எடுத்த ஸ்கேனின் முடிவைச் சொல்ல டாக்டர் வரச் சொல்லியிருந்தார். பயப்படுவாய் என்று ஸ்கேன் எடுத்ததையே உன்னிடம் சொல்லக் கூடாதென்று எனக்கு உத்தரவு. ஆஸ்பத்திரி வாசலில், நானும் உள்ளே வருகிறேன், அணைத்துத் தொலையுங்கள் என்று கெஞ்சினேன். "அப்புறம் வீட்டுக்கு எப்படிப் போறது, ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்" என்று போய்விட்டார். நேரம் போய்க்கொண்டே இருக்கிறது, பின்னால் நிற்கிறவன் ஹாரன் அடிக்கிறான், வாட்ச்மேன் கண்ணாடியைத் தட்டுகிறார், காலை எடுக்கவும் முடியவில்லை, உள்ளே ஓடவும் முடியவில்லை. கடைசியில் வந்தவர், "ஒண்ணுமில்ல, வயசானா வர்றதுதான்" என்றார். ரிப்போர்ட் எங்கே என்றால் டாக்டரே வைத்துக்கொண்டாராம். டாக்டர் என்ன சொன்னார் என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை பாப்பா.

நேற்றுச் சாயங்காலம் என்னை மைதானத்துக்குக் கூட்டிப்போனார். ஸ்டீயரிங்கில் என் கை பட்டாலே கத்துகிற மனிதர், என்னை அதையே பிடிக்கச் சொல்லி, "கிளட்ச்சை மெதுவா விடு, இனிமே நீதான் ஓட்டணும்" என்றார். எதுக்குங்க என்று கேட்டேன், "முன்னாடி பார்த்து ஓட்டு" என்றார். மைதானத்துச் சுவரில் இடித்துவிட்டேன், முன்பக்கம் நசுங்கிவிட்டது, நல்லவேளை என்ஜின் நிற்கவில்லை. அவர் இறங்கிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்து, "பரவால்ல, மறுபடி ஓட்டு" என்றார். திட்டவே இல்லை பாப்பா.

நீ வேளைக்குச் சாப்பிடு, ராத்திரி கண் விழிக்காதே. இரண்டு பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வயசு வாழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது மறக்காமல் அப்பாவிடம் நீயே கேள், உன்னிடமாவது சொல்வார்.

என்ன செய்வதென்று தெரியாத
உன் அம்மா