மாரியம்மாக்காவின் மூடி

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

லேப்பிலிருந்து முடிவு வந்துவிட்டது. எம்.ரெட்டியபட்டி மாரியம்மாக்காவின் செம்மறிகளில் இருக்கும் குடற்புழுக்களுக்கு மரபணுவே மாறியிருக்கிறதாம். நான் கொடுத்துவரும் மருந்து இனி அவற்றை ஒன்றும் செய்யாது.

மத்தியானம் போனேன். இன்னோர் ஆடு தாடை வீங்கிக் கிடந்தது. இமையைப் பிதுக்கிப் பார்த்தால், புழு ரத்தத்தை உறிஞ்சியதில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

"மருந்து எம்புட்டுக்கா குடுப்பீக?" என்றேன்.

சாவிக்கயிற்றில் கோத்திருந்த பிளாஸ்டிக் மூடியைக் காட்டினார். "நீங்க குடுத்ததுதான் சார். பெருசோ சிறுசோ, தலைக்கு ஒரு மூடி. ஒரு தடவகூட மாத்தல."

நான் கொடுத்ததுதான். குட்டிகளுக்கு மருந்து அளக்கும் சின்ன மூடி. பெரிய ஆட்டை எடை போட்டு அளவு சொல்ல அன்றைக்கு எனக்குச் சோம்பல். பாதி மருந்தில் சாகாமல் தப்பிய புழுக்கள்தான் இத்தனை வருஷமாகப் பெருகியிருக்கின்றன. வேறு மருந்து எங்கள் மாட்டாஸ்பத்திரியில் இல்லை. எழுதிப் போட்டிருக்கிறேன், எப்போது வருமோ.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அக்காவே சொன்னார்: "மருந்து மேல குத்தமில்ல சார். மூடிதான் தேஞ்சுபோச்சு போல. புதுசு ஒண்ணு குடுங்க."

பையில் அதே மாதிரி ஒன்று கிடந்தது. கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.