கோல் கம்பங்களுக்கு நடுவில் ஒரு பெயர்

சங்கரன்கோவில்
27-8-1953

சௌபாக்கியவதி முத்துமீனாளுக்கு அம்மா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. கோமதி அம்மன் புண்ணியத்தில் நாங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் ஆடித்தபசுக்கு வந்த கூட்டமெல்லாம் கலைந்த மறுநாள் கைக்குக் கிடைத்தது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே, இங்கே நான் ஒரு சண்டையில் இறங்கியிருந்தேன், அது ஒரு வழியாக முடிந்த பிறகு எழுதலாம் என்று இருந்துவிட்டேன். மழை இன்னும் எட்டிப்பார்க்கவில்லை, கிணற்றில் வாளி தரை தட்டுகிறது. எதிர்வீட்டுச் சீனியம்மாள் மகளுக்கு ராயகிரியில் நிச்சயமாகிவிட்டது, பையன் பஞ்சாயத்து ஆபீசில் குமாஸ்தா, கொஞ்சம் கறுப்பு என்று அவள் குறைப்பட்டுக்கொள்கிறாள், இவள் மகள் என்னவோ வெள்ளைக்காரி மாதிரி. சிவப்பிப் பசு கிடேரிக் கன்று போட்டிருக்கிறது. நீ இருந்தால் சீம்பால் காய்ச்சித் தந்திருப்பேன்.

சண்டை என்னவென்று சொல்கிறேன். நம் ஊர் புட்பால் கிளப்புக்கு இது இருபத்தைந்தாவது வருஷம். அதைக் கொண்டாட ஒரு காரியம் யோசித்தார்கள். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து ஆடிய அத்தனை பேரிலிருந்தும் பதினொரு பேரைப் பொறுக்கி ஒரே டீமாக்கி, அந்தப் பெயர்களைப் பலகையில் எழுதி கிளப் அறையில் மாட்டுவது என்று. ஆளை இப்போது இருக்கிற தொப்பையோடும் நரையோடும் பார்க்கக் கூடாது, அவன் நல்ல ஓட்டத்தில் இருந்த காலத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று, ஆள் பொறுக்கப் போட்ட மூன்று பேர் கமிட்டியில் இருக்கிற பழைய கேப்டன் முகம்மது மைதீன் அண்ணாச்சி விதி சொன்னாராம். இறந்தவர்களுக்கும் இடம் உண்டு. யுத்த காலத்தில் பர்மாவிலிருந்து நடந்து வருகிற வழியிலேயே முடிந்துபோனாரே முகம்மது ஹுசைன், அவரைச் சென்டர் பார்வர்டாகப் போடுவதில் ஒருவருக்கும் மறுபேச்சு இல்லை. மைதீன் அண்ணாச்சியின் தையல் கடையில் துணி வெட்டுகிற மேஜைதான் மைதானம். சாக்கட்டியால் கோடு கிழித்து, கோட்டுப் பொத்தான்களை ஆட்களாக வைத்து, ஹுசைனுக்கு மட்டும் பித்தளைப் பொத்தான் வைத்து, சாயந்தரமானால் ஊர்ப் பெரிய மனுஷரெல்லாம் அதைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். உன் அப்பாவும் நூல் கடையைப் பூட்டியதும் நேரே அங்கே போய்விட்டு, வந்து சோற்றில் கை வைத்தபடி எனக்கு எல்லாவற்றையும் சொல்வார். இன்னார் இடது ஓரத்தில் பந்தைக் கொண்டுபோனால், இன்னார் தலையால் முட்டினால், நீ இருக்கிற கல்கத்தா ஊர் ஆட்டக்காரர்களே திணறிப் போவார்கள் என்பார். சேர்ந்து ஒருநாள்கூட ஆடாதவர்களை, ஒருவர் ஆடும்போது இன்னொருவர் தொட்டிலில் கிடந்தவர்களை, ஒரே மைதானத்தில் ஓடவிட்டுப் பார்ப்பதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கும் கேட்க ஆசையாகத்தான் இருந்தது.

ஒருநாள் அவர் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்குத் தலைவலி என்றார். அடுத்த நாளும் அப்படியே. பிறகு பார்த்தால், கடையிலிருந்து வரும்போது தையல் கடைத் தெரு வழியாக வராமல் ரத வீதியைச் சுற்றிக்கொண்டு வருகிறார் என்று தெரிந்தது. வெந்த காலோடு நடக்கிற மாதிரி நடந்து வந்து, சாப்பிட்டு, பேசாமல் படுத்துவிடுவார். நான் மைதீன் அண்ணாச்சியின் வீட்டுக்காரி மகபூப் பீவியைப் போய்க் கேட்டேன். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கோல் கீப்பர் பேச்சு வந்த அன்றைக்கு கிளப் செக்ரட்டரி நாறும்பூநாதன், உன் அப்பா அங்கே உட்கார்ந்திருக்கும்போதே, “ஒரே ஒரு வருஷம் நின்னவுகள எப்படிப் போட முடியும்? எங்க சண்முகையா மாமா பன்னெண்டு வருஷம் நின்னிருக்காவ” என்று சொல்லியிருக்கிறார். “அண்ணன் ஒரு வார்த்த பேசல மைனி, செருப்ப மாட்டிட்டு எந்திச்சுப் போயிட்டாவ. இவுக எவ்வளவோ சொல்லிப் பாத்தாவ, கமிட்டியில மத்த ரெண்டு பேரும் ஒத்துக்கிடல” என்றாள் மகபூப் பீவி.

அந்த ஒரு வருஷத்தைப் பற்றி உனக்குத் தெரியாது, நீ பிறக்கவில்லை. நான் புதுப்பெண்ணாக இந்த ஊருக்கு வந்த வருஷம் அது. பெண்பிள்ளைகள் மைதானத்துக்குள் போகிற வழக்கமில்லை, ரயிலடி வேலிக்கு வெளியே தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு நின்று பார்ப்போம். மற்ற ஊர்க்காரர்கள் அடிக்கிற பந்து உன் அப்பா கைக்கே வந்து சேரும், அவர் அதைத் தேடிப் போனதாகவே தெரியாது. அந்த வருஷம் முழுக்க நம் ஊர் தோற்கவில்லை. திருநெல்வேலியில் நடந்த கடைசி ஆட்டத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்து கம்பத்தில் மோதி வலது மணிக்கட்டு இரண்டாக ஒடிந்தது. பந்தை மட்டும் விடவில்லையாம். கோப்பை வந்தது, கை கோணிக்கொண்டது, எலும்பு வைத்தியர் கட்டிய கட்டு சரியாகக் கூடவில்லை. அவர் இடது கையால் எழுதுவதைத்தான் நீ பார்த்திருக்கிறாய், அதற்கு முன் வலது கையால் முத்து முத்தாக எழுதியவர். அதன் பிறகுதான் சண்முகையா கோலில் நிற்க வந்தார்.

விடு ஏளா, பலகைதானே என்றார் உன் அப்பா. பலகைதான். ஆனால் நல்ல காலத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும் என்று விதி போட்டுவிட்டு, ஒருவரை மட்டும் எத்தனை வருஷம் என்று எண்ணிப் பார்ப்பது என்ன நியாயம்? எனக்கு மனசு ஆறவில்லை. மைதீன் அண்ணாச்சியிடம் போய் நேராகக் கேட்டேன். அவர் பாவம், ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, “நான் ஒருத்தன் என்ன செய்ய தங்கச்சி? சண்முகையாவே வந்து சொன்னாத்தான் உண்டு. அவன் ஏன் சொல்லப் போறான்?” என்றார். அப்படியானால் அவரையே கேட்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் உன் அப்பா கடைக்குப் போனதும் பஸ் ஏறி, சண்முகையாவின் ஊரான பனவடலிசத்திரம் போய் இறங்கினேன். தனியாகப் பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை, கண்டக்டர் டிக்கெட் கிழிக்கும்போது, “கூட யாரும் வரலையா?” என்று இரண்டு முறை கேட்டான்.

சண்முகையா மிளகாய்த் தோட்டத்தில் கமலை இறைத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரிந்து, மாட்டை நிறுத்திவிட்டு வந்து, அவர் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு மோர் கொடுக்கச் சொன்னார். நான் மோரைக் குடித்து முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. “மதினி, அது எம் பேரு. எம் மருமவன் கேக்காமலேயே போட்டிருக்கான். எம் பிள்ளைக கிட்ட எல்லாம் சொல்லிட்டேன். நீங்க வந்து கேட்டதுக்காக நான் விட்டுக்குடுக்க மாட்டேன்” என்றார். எனக்கும் ஆத்திரம் வந்தது. விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை அண்ணாச்சி, தானமாக வாங்கி அவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் அதைத் தொடமாட்டார், கமிட்டியில் கேட்டால் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள், அவ்வளவுதான் என்றேன். அவர் குனிந்து வாய்க்கால் மடையை அடைத்துவிட்டு நிமிர்ந்தார். பிறகு, “பொய் சொல்ல மாட்டேன். அத மட்டும் சொல்லுதேன்” என்றார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திரும்பி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை கமிட்டி கூடியது. பெயர் சொல்ல விரும்புகிற ஊர்க்காரர் யாரும் வந்து சொல்லலாம் என்று அவர்களே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். நானும் மகபூப் பீவியும் போய் வாசற்படியில் நின்றோம். உள்ளே அத்தனை ஆண்பிள்ளைகள், பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். நாறும்பூநாதன் வந்து, “என்னக்கா, இங்கன வந்து நிக்கீங்க?” என்றார். கோல் கீப்பர் இடத்துக்கு ஒரு பெயர் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன். அவர் கெட்ட பையன் இல்லை, ஆனால் கெட்டிக்காரர். லேசாகச் சிரித்துக்கொண்டு, “சொல்லுங்க, யாரு பேரு?” என்றார். நான் சொல்லமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து உன் அப்பா பெயர் என் வாயில் வந்ததில்லை, அருவிக்குக் குளிக்கப் போகிறோம் என்று சொல்வேனே தவிர அந்த ஊர்ப் பெயரைக்கூட நான் சொன்னதில்லை, உனக்கே தெரியும். மகபூப் பீவி என் கையைப் பிடித்து, “நான் சொல்லட்டா மைனி?” என்றாள். வேண்டாம் என்றேன். எனக்குக் காது இரண்டும் சுட்டது. குற்றாலநாதன் என்று சொன்னேன். ஒருவருக்கும் கேட்காமல் போயிருக்குமோ என்று இன்னொரு தடவை பலமாகச் சொன்னேன். இப்போது எழுதியும்விட்டேன், ஒன்றும் ஆகிவிடவில்லை.

சண்முகையா பின்னால் சுவரோரம் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். மைதீன் அண்ணாச்சி அவர் பக்கம் திரும்பி, “வே சண்முகையா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நீரும் நல்ல ஓட்டத்துல இருக்கீரு, அவனும் நல்ல ஓட்டத்துல இருக்கான். கோப்பை ஆட்டம். கேப்டன் நீரு. யாரை நிப்பாட்டுவீரு?” என்று கேட்டார். சண்முகையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், திரும்பத் தோளில் போட்டார், மறுபடியும் எடுத்தார். அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில், “பன்னெண்டு வருஷம் நான் நின்னேன். மோசமா நிக்கல. ஆனா அவன் கை ஒடியாட்டா எனக்கு ஒரு நாள்கூட இடம் கிடைச்சிருக்காதுவே. அவன் நின்ன மாதிரி நான் நின்னதில்ல. அவனத்தான் நிப்பாட்டுவேன்” என்றார். மருமகனைப் பார்த்து, “எழுதுலே” என்றார். நாறும்பூநாதன் தலையைக் குனிந்துகொண்டு எழுதினார். சண்முகையா எழுந்து வெளியே போகும்போது என்னைத் தாண்டித்தான் போனார், நான் கும்பிட்டேன், அவர் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் உறுத்துகிறது. ஆனாலும் திரும்ப ஒரு தடவை வாய்த்தால் அதே வாசற்படியில்தான் போய் நிற்பேன்.

நான் வீடு வந்து சேரும் முன்னே செய்தி வந்துவிட்டது. உன் அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். “கூட்டத்துல எம் பேரச் சொன்னியாமே?” என்றார். ஆமாம் என்றேன். கோபிப்பார் என்று எதிர்பார்த்து நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார். எங்கே என்றேன். பனவடலிசத்திரம் என்றார். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை, ஆனால் கூடை நிறையப் பச்சை மிளகாயோடு திரும்பி வந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. பலகையைத் திறந்துவைத்த பிறகு, பழைய ஆட்களில் உயிரோடு இருக்கிறவர்கள் கொஞ்ச நேரம் இப்போதைய டீமோடு விளையாட்டாக ஆடுவது என்று ஏற்பாடு. மேஜையில் பொத்தானாக ஓடினவர்கள் எல்லாரும் தொப்பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றபோது ஊரே சிரித்தது, அவர்களும் சிரித்தார்கள். இறந்தவர்களின் இடத்தை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, ஹுசைன் இடம் ஆட்டம் முழுக்கக் காலியாகவே இருந்தது. நானும் மகபூப் பீவியும் இந்தத் தடவை வேலிக்கு உள்ளே நின்றோம். உன் அப்பா போட்டோவுக்கு மட்டும் நிற்கிறேன் என்றுதான் சொல்லிப் போனார். போட்டோக்காரர் தலையைத் துணிக்குள் விட்ட நேரம் பார்த்து, ஓரமாக நின்ற சண்முகையாவைக் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். ஆட்டம் ஆரம்பித்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோலில் போய் நின்றுவிட்டார். என்னால் தடுக்க முடியவில்லை, தடுக்கவும் தோன்றவில்லை. பந்து நாலைந்து தடவை அவரைத் தாண்டி உள்ளே போனது. பிறகு ஒன்று வந்தது, வலது பக்கம், தாழ்வாக. புதுச் சட்டையோடு அந்தக் கரட்டுத் தரையில் விழுந்து, கோணின கையாலேயே அதைத் தட்டிவிட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கையால் ஒரு சொம்பு தூக்க யோசித்தவர்.

மணிக்கட்டு வீங்கிவிட்டது. நாளும் உப்பு ஒத்தடம் கொடுத்து நொச்சி இலை வைத்துக் கட்டுகிறேன். எலும்புக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார், நீ பயப்படாதே. வலிக்கிறதா என்று கேட்டால், “வலிக்கத்தான் செய்யுது” என்று சந்தோஷமாகச் சொல்கிறார்.

இனி உன் விஷயம். பக்கத்தில் டீச்சர் டிரெயினிங்குக்கு ஆள் எடுக்கிறார்கள், சேரலாமா என்று ஆசையாக இருக்கிறது, மாப்பிள்ளையிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை என்று கடிதத்தின் கடைசியில் ஓரமாக எழுதியிருந்தாய். ஓரமாக எழுதுகிற விஷயமா அது? சாப்பிட்டு முடித்து அவர் நிதானமாக இருக்கிற நேரம் பார்த்து, எனக்கு இது வேண்டும் என்று நேராகச் சொல். அவர் நல்லவர், நல்லவர்களுக்கும் நாம் வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். முதலில் வேண்டாம் என்றால் மறுபடியும் சொல். என்ன சொன்னார் என்று எனக்கு உடனே எழுது. குளிர்காலம் வருமுன் கம்பளி வாங்கிக்கொள், ஆற்று மீன் ஆற்று மீன் என்று தினமும் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்க மறக்காதே. நீயும் மாப்பிள்ளையும் மனசு ஒத்து, கேட்டது கிடைத்து, நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும். உன் அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கைக்கட்டு அவிழ்ந்ததும் தனியாக எழுதுவாராம், வலது கையால்.

இப்படிக்கு,
உன் அம்மா
கு. காந்திமதியம்மாள்