நாற்காலியில் உட்கார்ந்திருந்தமைக்காக என்னை முதலாளி ஆக்கியது குறித்து

அனுப்புநர்:
நெவெனா மன்செவா,
தையல் தொழிலாளி (தங்கள் ஆணையின்படி தொழிலதிபர்),
ரயிலடிக் குடியிருப்பு, முதல் வாசல், மூன்றாம் மாடி,
ஓராவெட்ஸ்.

பெறுநர்:
உயர்திரு ட்ராயான் பெலோவ்ஸ்கி அவர்கள்,
கிளை மேலாளர், வேலைவாய்ப்பு அலுவலகம்,
ஓராவெட்ஸ்.
(வீடு: அதே ரயிலடிக் குடியிருப்பு, இரண்டாம் வாசல்)

பொருள்: வேலையில்லாதோர் உதவித்தொகையும் அதனுடன் மருத்துவக் காப்பீடும் நிறுத்தப்பட்டமை – ஆணையை ரத்து செய்யக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தாங்கள் கையொப்பமிட்டு அனுப்பிய இம்மாத ஆணையும், அதில் இணைத்திருந்த புகைப்படமும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. என்னை ஓர் உணவுப்பொருள் தொழிற்சாலையின் உரிமையாளராக உயர்த்தியதற்கு முதற்கண் என் நன்றி. இருபது வருடத்துக்கு மேல் சட்டைக் காலர் தைத்தும் என்னால் எட்ட முடியாத உயரம் அது. தாங்கள் ஒரே கையெழுத்தில் ஏற்றி வைத்துவிட்டீர்கள். ஒரே ஒரு சிறு குறை. தொழிலதிபருக்கு உதவித்தொகை எதற்கு என்று அதை நிறுத்தினீர்கள். உதவித்தொகை நின்றதும் காப்பீடு நின்றது. காப்பீடு நின்றதும், நவம்பரில் என் வலது கைக்கு நடக்கவேண்டிய அறுவை சிகிச்சைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அடுத்த தேதி அடுத்த கோடைக்குத்தான் கிடைக்குமாம். அதுவரை நரம்பு தாங்காது, விரல்கள் மடங்கியது மடங்கியபடியே நின்றுவிடும் என்கிறார் டாக்டர். இந்த மனு அந்தக் கைக்காக எழுதப்படுவது.

2. ஆணையின் பின்பக்கத்தில், முறையீடு செய்ய விரும்புவோர் ஆணை பிறப்பித்த அலுவலரிடமே செய்யலாம் என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. ஆகவே தங்களைப் பற்றித் தங்களிடமே புகார் செய்கிறேன். தாங்கள் தங்களை அழைத்து விசாரிக்கும்போது, தெரிந்தவர் என்று பாராமல் சற்றுக் கண்டிப்பாக நடந்துகொள்ளும்படி வேண்டுகிறேன்.

3. இந்த உதவித்தொகை எனக்குத் தெருவில் கிடந்து கிடைத்ததல்ல. போன குளிர்காலத்தில் ஒரு திங்கட்கிழமை நாங்கள் வேலைக்குப் போனபோது தையற்கூடத்தின் கதவில் பூட்டு தொங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே மெஷின்களே இல்லை. முதலாளி எங்கள் எல்லோருக்கும் தபாலில் ஒரு சான்று அனுப்பியிருந்தார். "தாமாகவே விருப்பப்பட்டு விலகினார்" என்று அதில் இருந்தது. தாமாக விலகியவருக்கு உதவித்தொகை கிடையாது. தங்கள் அலுவலகத்தின் மூன்றாம் ஜன்னலில் இருக்கும் அம்மையார், "முதலாளிகிட்ட போய்த் திருத்தி வாங்கிட்டு வாங்க" என்றார். "அவரு நாட்டுலயே இல்லீங்க" என்றேன். "அப்ப அவரு திரும்பி வந்ததும் வாங்க" என்றார். பனி கொட்டிக்கொண்டிருந்த நாட்களில் தங்கள் அலுவலகப் படியில் நாங்கள் உட்கார்ந்து உட்கார்ந்து, படியே சூடேறிய பிறகுதான் அந்தச் சான்று திருத்தப்பட்டது. பழையதைக் கிளற விரும்பவில்லை. அலைந்து வாங்கியதை இழப்பது எப்படியிருக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

4. இனி குற்றச் சம்பவத்துக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நம் குடியிருப்பின் பின்முற்றத்தில் வழக்கம்போல எல்லா வீட்டாரும் சேர்ந்து அய்வார்த் தொக்கு போட்டோம். மூட்டை மூட்டையாகச் சிவப்புக் குடைமிளகாய் வாங்கி, விறகடுப்புத் தகரத்தில் சுட்டு, தோலுரித்து, அரைத்து, அகலச் சட்டியில் எண்ணெய் விட்டுப் பொழுது சாயும்வரை கிண்டி, ஜாடிகளில் அடைத்து, வீட்டுக்கு வீடு பங்கிட்டு, குளிர்காலம் முழுக்க ரொட்டிக்குத் தொட்டுக்கொள்வோம். இதைத் தங்களுக்கு நான் விளக்குவது அதிகப்பிரசங்கித்தனம். ஆனால் தங்கள் ஆணையில் இது "அனுமதியற்ற உற்பத்தி நடவடிக்கை" என்று இருப்பதால், ஒருவேளை தாங்கள் இந்நாட்டில் வளராதவரோ என்று ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

5. முந்தைய வருடங்களில் சட்டியைக் கிண்டுவது என் வேலை. அடிபிடிக்காமல் கிண்ட என்னைவிட்டால் ஆளில்லை என்பார்கள். இந்த வருடம் துடுப்பை எடுத்தேன், விரல்கள் பிடிக்கவில்லை. துடுப்பு சட்டிக்குள் விழுந்தது. ஒருத்தி துடுப்பை வெளியே எடுத்தாள். இன்னொருத்தி தன் சமையலறையிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து அடுப்புக்கும் சட்டிக்கும் நடுவில் போட்டு, "உன் கண்ணு போதும்டி, உக்காந்து சொல்லு, நாங்க செய்யறோம்" என்று என்னை அமர்த்தினாள். உட்கார எனக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு அழுகை வந்தது. புகை என்று சொல்லிச் சமாளித்தேன். உட்கார்ந்தபடி, "அதைத் திருப்பு, எண்ணெய் விடு, தீயைக் குறை" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

6. அந்த நேரத்தில்தான் தங்கள் அலுவலக ஆய்வாளர் திரு. போஷ்கோ தஸ்கலோவ் உள்ளே வந்தார். தலைநகரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல சுறுசுறுப்பான பிள்ளை. உதவித்தொகை வாங்குபவர்கள் திருட்டுத்தனமாக வேலை செய்கிறார்களா என்று பார்க்க வந்தாராம். முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். எல்லோரும் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்கிறார்கள், நான் ஒருத்தி மட்டும் நாற்காலியில் உட்கார்ந்து அதட்டிக்கொண்டிருக்கிறேன். "இங்க யாருங்க முதலாளி?" என்று கேட்டார்.

7. முதல் வாசல் கீழ்த்தளத்தில் இருக்கும் ரிஸ்தானாவுக்கு வாய் சும்மா இருக்காது. "அதோ, நாற்காலியில மகாராணி மாதிரி உக்காந்திருக்காளே, அவதான் தம்பி. காலையிலேர்ந்து எங்க முதுகெலும்ப ஒடிக்கறா. பைசா சம்பளம் குடுக்கமாட்டா, கேட்டா தீயைக் குறைங்கறா!" என்றாள். முற்றமே சிரித்தது. நானும் சும்மா இருந்திருக்கலாம். என் வாய்க்கொழுப்பு, "அடுத்த வருஷம் உன்னைத்தான் முதல்ல வேலையை விட்டுத் தூக்கப்போறேன் பாரு" என்றேன். ஆய்வாளர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருந்தார். நாங்கள் அவருக்கு ரொட்டியில் சூடாகத் தடவிக் கொடுத்தோம். மூன்று துண்டு சாப்பிட்டார். "உப்பு கொஞ்சம் கம்மி" என்றார். சட்டிப் பக்கம் திரும்பி ஒரு படம் எடுத்துக்கொண்டு, நன்றி சொல்லிப் போனார். எவ்வளவு மரியாதையான பிள்ளை என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

8. அந்த மரியாதையான பிள்ளையின் அறிக்கையைத் தங்கள் ஆணையில் படித்து மகிழ்ந்தேன். அதன்படி, நான் நேரில் மேற்பார்வை செய்யும் உரிமையாளர். எனக்குக் கீழே பெண் தொழிலாளர்கள். அவர்களுக்குச் சம்பளம் தரப்படவில்லை என்று ஒரு தொழிலாளி எல்லோர் முன்னிலையிலும் முறையிட்டார். உரிமையாளர் உடனே அவரை வேலைநீக்கம் செய்வதாக மிரட்டினார். ஆய்வாளர் சாப்பிட்ட மூன்று துண்டு "விற்பனைக்குத் தகுதியான தரம், உப்பு நீங்கலாக" என்று பதிவாகியிருக்கிறது. இவ்வளவு கொடுமைக்கார முதலாளியை நான் என் தையற்கூடத்தில்கூடப் பார்த்ததில்லை. ரிஸ்தானா இப்போது வெளியே வருவதே இல்லை. தன் வாயால் என் கை போய்விட்டது என்று கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். அவளைக் கேலி செய்யக்கூட எனக்கு மனம் வரவில்லை.

9. ஐயா, என்னைத் திருடி என்று எழுதியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. முடியாதவளுக்கு நாலு பேர் அன்பாகப் போட்ட நாற்காலியை, அடுத்தவர் உழைப்பைச் சுரண்டும் ஆசனம் என்று எழுதிவிட்டீர்கள். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இந்த ஒரு பத்தியில் கிண்டல் ஏதும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

10. ஆணை கிடைத்த மறுநாளே மருத்துவச் சீட்டோடு மூன்றாம் ஜன்னலுக்குப் போனேன். அந்த அம்மையார் திரையைப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல நீங்க தொழில் பண்றதா வருது" என்றார். என் கையைக் காட்டினேன். "கை இப்படி இருந்தா தொழில் பண்றது கஷ்டம்தான். அப்ப தொழில மூடிட்டதா சான்று கொண்டாங்க" என்றார். திறக்காத தொழிலை மூடுவது எப்படி என்று கேட்டேன். முதலில் அதைப் பதிவு செய்ய வேண்டும், பிறகு மூட வேண்டும், பதிவு செய்யக் கட்டணம் உண்டு, பதிவு செய்த அன்றே பழைய குற்றமும் உறுதியாகிவிடும் என்று பொறுமையாக விளக்கினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்கும் கணினிக்கும் நடுவில் நான் யார்?

11. ஆணையோடு வந்த புகைப்படத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சட்டியைக் கிண்டும் ஒரு பெண்ணின் முதுகும் பச்சை மேலங்கியும் அதில் தெளிவாகத் தெரிகின்றன. கீழே "தொழிலாளி எண் நான்கு, அடையாளம் தெரியவில்லை" என்று குறித்திருக்கிறார்கள். அதற்கும் கீழே தங்கள் கையெழுத்து. அடையாளம் தெரியாத அந்தத் தொழிலாளி, தங்கள் துணைவியார் திருமதி. ஸ்லாவ்கா பெலோவ்ஸ்கா அவர்கள். நாற்காலி கொண்டுவந்து போட்டவரும் அவரே. அடுப்படியில் திரும்பி நிற்கும் அந்த முதுகை முப்பது வருடமாகத் தினமும் சாப்பாட்டு மேசையிலிருந்து பார்த்துவரும் தங்களுக்கே அடையாளம் தெரியவில்லை என்றால், பாவம் ஆய்வாளரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? நான் தங்கள் துணைவியாரிடம் இந்தப் படத்தைக் காட்டியபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "அவரு எதையும் படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடறதில்ல நெவெனா. எங்க கல்யாணப் பதிவுலயும் அப்படித்தான் போட்டாரு."

12. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்றைச் செய்தருள வேண்டும்.

ஒன்று, ஆணையை ரத்து செய்து, காப்பீடு மீண்டும் நடைமுறைக்கு வந்துவிட்டது என்று இந்த வாரத்துக்குள் ஆஸ்பத்திரிக்கு ஒரு வரி எழுதவேண்டும்.

அல்லது, ஆணை சரியென்றே தாங்கள் கருதினால், அதை முழுமையாக நிறைவேற்ற வேண்டும். மேலாளரின் மனைவியைப் பதிவு செய்யாமல், சம்பளம் இல்லாமல், ஒரு சனிக்கிழமை முழுவதும் வேலை வாங்கிய கொடிய முதலாளி என்று என்மீது வழக்குப் போடவேண்டும். சாட்சியாகத் தாங்களே வரவேண்டும். தங்கள் வீட்டுப் பங்காக வந்த ஜாடிகளைத் தடயமாக நீதிமன்றத்தில் ஒப்படைக்க வேண்டும். அவற்றில் இரண்டு ஏற்கனவே காலி என்று துணைவியார் தெரிவிக்கிறார்.

13. என்னால் எழுத முடியாததால், இம்மனுவை நான் சொல்லச் சொல்லத் தங்கள் வீட்டுக் கணினியில் தட்டச்சு செய்து கொடுப்பவரும் அவர்தான். தன் சார்பில் ஒரு பத்தி சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார், சேர்க்கிறேன். பதிவு இல்லாமலும் சம்பளம் இல்லாமலும் சமைப்பது குற்றம் என்று தங்கள் அலுவலகமே அறிவித்துவிட்டதால், சட்டத்தை மதிக்கும் குடிமகள் என்ற முறையில், இந்த மனுமீது முடிவு தெரியும்வரை அவர் எந்த அடுப்பையும் மூட்டப்போவதில்லை. இன்று மாலை தாங்கள் வீடு திரும்பியதும் இது தங்கள் கவனத்துக்கு வரும். மற்ற வீடுகளிலும் கேட்டுப் பார்க்கவேண்டாம். எல்லோரும் சட்டத்தை மதிப்பவர்களாகவே இருக்கிறோம்.

தங்கள் நல்ல முடிவுக்காகவும், அது ஆறிப்போகாமல் வந்து சேரவேண்டும் என்றும் காத்திருக்கிறேன்.

இடம்: ஓராவெட்ஸ்
நாள்: 24 அக்டோபர்

இப்படிக்கு,
தங்கள் அண்டை வீட்டுக்காரி,

நெவெனா மன்செவா

குறிப்பு: மேலே உள்ள கையெழுத்து தங்கள் கோப்பில் இருக்கும் என் கையெழுத்தோடு ஒத்துப்போகாது. சிறு பிள்ளை போட்டது போலக் கோணலாக இருக்கும். அந்தக் காரணத்தைச் சொல்லி மனுவைத் திருப்பி அனுப்பிவிடவேண்டாம். அது இடது கையால் போட்டது. பழைய கையெழுத்தேதான் வேண்டும் என்றால், அந்தக் கையை எனக்குத் திருப்பிக் கொடுங்கள்; வந்து போட்டுத் தருகிறேன்.